எந்த நெட் போடலாம், டீச்சர்?



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள்: "டீச்சர், ஊர்ல அம்மாவுக்கு நெட் போடணும். பெரிய கம்பெனியா, நம்ம கேபிள்காரர் தர்றதா, எது நல்லது?" இந்த வருடம் இதே கேள்வியை நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் கேபிள் நடத்தும் தம்பியிடம்தான் பல வருடம் நெட் வைத்திருந்தேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். ஒரு நாள் பெரிய கம்பெனியின் ஆள் வந்து, இரண்டு மடங்கு வேகம், சினிமா ஆப்கள் இலவசம், விலையும் நூறு ரூபாய் குறைவு என்றார். மாறிவிட்டேன். தம்பி முகம் சுளிக்கவில்லை. "சரி டீச்சர், எதுனா வேணும்னா கூப்பிடுங்க" என்று தன் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனான்.

ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. அதை மறைக்கக் கூடாது. பிறகு சாக்கடை வேலைக்குத் தோண்டிய ஜேசிபி லைனை அறுத்துவிட்டது. போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. புகார் எண் வந்தது. யாரும் வராமலே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜும் வந்தது. மறுபடி புதுப் புகார், புது எண். இப்படி ஒன்பது நாள் போனது.

அந்த ஒன்பது நாளுக்குள்தான் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று வரிசை கொடுக்கச் சில நாட்கள்தான் தருவார்கள். தவறினால் அந்தச் சுற்று போனது போனதுதான். அவள் வீட்டில் நெட் கிடையாது. ப்ளஸ் டூ முழுக்க எங்கள் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் வைஃபையில் படித்தவள். கடைசி நாள் மாலை மொபைலில் முயன்றோம், பக்கம் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. தம்பியைக் கூப்பிட எனக்குக் கூச்சம். அவளே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறாள். அவன் தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்காரவைத்து, முடியும்வரை கடையை மூடாமல் இருந்தான். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். என் நூறு ரூபாய் சேமிப்பு அன்று அவள் வருடத்தையே விழுங்கியிருக்கும்.

ஆனால் ஒரு அனுபவத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

முதலில் வேகம். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 எம்பி இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது மெகாபிட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 100 ÷ 8 = 12.5. நொடிக்கு 12.5 எம்பிதான் இறங்கும். அதுவே தாராளம். டிவியில் ஒரு ஹெச்டி படம் பார்க்க 5 எம்பிபிஎஸ் இருந்தால் போதும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 40, 50 எம்பிபிஎஸ் நிறையவே போதும். 300-க்கு ஆசைப்பட்டுப் பணம் கட்டிவிட்டு, பின் அறையில் வைஃபை வரவில்லை என்பார்கள். அது பிளான் குறையல்ல, சுவரின் குறை. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் பழைய தடித்த சுவரைத் தாண்டத் திணறும். ரௌட்டரை வீட்டின் நடுவில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது விலை. விளம்பரத்தில் 499 என்று இருந்தால் அதோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 89 ரூபாய் 82 காசு சேர்ந்து 588.82 ஆகும். கேபிள்காரர் 550 என்றால் வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். "ரௌட்டர் இலவசம்" என்றால் லைனை நிறுத்தும்போது திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

மூன்றாவது அளவு. "அன்லிமிடெட்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும், கீழே பொடி எழுத்தில் இத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும் என்று இருக்கும். அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சைக் கேள்வித்தாளை முழுக்கப் படி என்று சொல்லும் நாமே இதைப் படிப்பதில்லை.

நான்காவது, பழுது வந்தால் யார் வருவார்? சிறிய கம்பெனியின் பலம் இங்கேதான். எந்தக் கம்பத்தில் எந்த இணைப்பு என்பது அவனுக்கு மனப்பாடம். மாலையில் மட்டை விழுந்து அறுந்தால் காலைக்குள் வந்துவிடுவான், ஏனென்றால் அடுத்த நாள் கடைத்தெருவில் நம் முகத்தில் விழிக்க வேண்டும். பிஎஸ்என்எல் ஃபைபரையும் பல ஊர்களில் உள்ளூர் கேபிள்காரர்களே பங்கு அடிப்படையில் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அதனால் பெயரை மட்டும் பார்க்காமல், ஏணியோடு வரும் ஆள் யார் என்று பாருங்கள்.

அதற்காகச் சிறியவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்லவில்லை. பலர் ரசீது தருவதில்லை. ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு கடையை மூடினால் நாம் யாரிடம் போவது? சிலருக்கு மேலிருந்து வரும் லைன் ஒன்றே ஒன்றுதான், அது அறுந்தால் ஊரே இருட்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் கம்பத்தோடு வயரெல்லாம் தரையில் கிடந்தது. சிறியவர்கள் கடன் வாங்கித்தான் மறுபடி இழுத்தார்கள். தாங்கும் சக்தி அவர்களுக்குக் குறைவு என்பது உண்மை.

ஆகவே உள்ளூர்க்காரரிடம் போகும்போது நாலு கேள்வி கேளுங்கள். இண்டர்நெட் தர லைசென்ஸ் உள்ள எந்த நிறுவனத்தின் கீழ் நடத்துகிறீர்கள்? மேல் லைன் ஒன்றா, இரண்டா? கரண்ட் போனால் உங்கள் ஆபீஸில் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும்? ஒவ்வொரு மாதமும் பில் தருவீர்களா? நேராகப் பதில் சொன்னால் தைரியமாகப் போடலாம். பணத்தை மாதாமாதம் கட்டுங்கள், மிஞ்சினால் மூன்று மாதம். வருடச் சலுகைக்கு மயங்க வேண்டாம்.

பெரிய கம்பெனியோ சிறியதோ, புகாருக்கு எண் வாங்கி எழுதிவையுங்கள். புகார் மையத்தில் தீராவிட்டால் அந்தக் கம்பெனியிலேயே மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக டிராய் விதிகளில் வழி இருக்கிறது. இது தெரியாமல் நானே ஒன்பது நாள் புலம்பிக்கொண்டிருந்தேன்.

என் கருத்து இதுதான். நல்ல உள்ளூர்க்காரர் இருக்கும் ஊரில் ஐம்பது, நூறு அதிகமானாலும் அவரிடமே போடுங்கள். இது இரக்கத்தில் சொல்வதல்ல. சிறியவர்கள் எல்லோரும் கடையை மூடிவிட்டால் மிஞ்சுகிறவர் சொல்வதுதான் விலை, அவர் வருவதுதான் நேரம். இரண்டு கடை இருக்கும் தெருவில்தான் எடை சரியாக இருக்கும்.

இந்தத் தொழிலில் இருக்கும் என் மாணவர்கள் மூன்று பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்கும் ஒரு வார்த்தை: ரசீது கொடுங்கள். வர முடியாவிட்டால் "நாளைக்குத்தான் டீச்சர்" என்று உண்மையைச் சொல்லுங்கள். போனை அணைத்து வைக்காதீர்கள். உங்களிடம் இருக்கும் ஒரே மூலதனம் எங்கள் நம்பிக்கைதான்.

நான் தம்பியிடமே திரும்பிவிட்டேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. "பழைய பெட்டியவே எடுத்து வச்சிருக்கேன் டீச்சர்" என்றான்.

உங்கள் ஊரில் எந்த நெட், என்ன விலை, பழுதானால் எத்தனை நாளில் வருகிறார்கள்? கீழே எழுதுங்கள். அடுத்து கேட்பவருக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்