ஆறடியை அளக்காத செல்போன்

நெய்யாற்றின்கரை தாலுகாவின் தென்கோடியில், பாறசாலையைத் தாண்டி இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளைக்குப் போகிறவர் எந்த இடத்தில் கேரளத்தை விட்டுத் தமிழ்நாட்டில் கால் வைத்தார் என்பதைச் சாலையோரப் பலகை சொன்னால்தான் உண்டு. தென்னந்தோப்பும் வீடும் கடையும் தொடர்ச்சியாக இருக்கின்றன. 1956 நவம்பர் 1-ந் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தன. தமிழர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அன்று விழுந்த கோட்டின் இரு பக்கமும் பெண் கொடுத்தலும் எடுத்தலும், கொத்து வேலையும் கடைக் கணக்கும் தடையின்றி நடந்து வந்தன.

இந்த எல்லையில் 2020-ம் ஆண்டு வேறொரு அளவு வந்து சேர்ந்தது. மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே ஆறடி. கொரோனா காலத்தில் இஞ்சிவிளை சோதனைச் சாவடியில் பாஸ் காட்டாமல் கேரளத்துக்குள் வர முடியாது; திரும்பிப் போகத் தமிழ்நாட்டின் இ-பாஸ் வேண்டும். இந்த இரண்டு பாஸுக்கும் மேலே மத்திய அரசு ஒரு மூன்றாவது சாட்சியை ஏற்பாடு செய்தது. அதுதான் 2020 ஏப்ரல் 2-ந் தேதி வெளியான "ஆரோக்கிய சேது" என்னும் செல்போன் செயலி. யார் யார் பக்கத்தில் நின்றார் என்று அது குறித்துக்கொள்ளும். சுமார் நாற்பது நாளில் 10 கோடிப் பேர் அதைத் தங்கள் போனில் ஏற்றினார்கள். மே 1-ந் தேதி உத்தரவு, அரசு அலுவலகமானாலும் தனியார் கம்பெனியானாலும் ஊழியர் அனைவருக்கும் அது கட்டாயம் என்றது. மே 17-ந் தேதி உத்தரவில் "இயன்றவரை" என்று சுருதி இறங்கியது.

ஆறடியை அந்தச் செயலியால் அளக்க முடிந்ததா என்பதே இங்கு விஷயம். அன்று கேட்கப்பட வேண்டிய இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் ரேடியோ சமிக்ஞை எவ்வளவு நேரத்தில் வந்து சேர்ந்தது என்பதைக் கணக்கிட்டு, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் கணக்கைச் சேர்த்துப் போன் தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. பத்து லட்சத்தில் ஒரு வினாடி பிசகினால் 300 மீட்டர் பிசகும். இத்தனை நுட்பத்தையும் கடந்து, வெட்டவெளியில் சாதாரண செல்போன் காட்டும் இடம் சுமார் 4.9 மீட்டருக்குள், அதாவது 16 அடிக்குள் சரியாக இருக்கும் என்பது அமெரிக்க அரசே சொல்லும் கணக்கு. மரத்தடியிலும் கட்டடங்களுக்கு இடையிலும் பிழை இன்னும் பெருகும். நமது நாட்டின் "நாவிக்" ஏற்பாட்டுக்கு இஸ்ரோ சொல்லும் அளவு, 20 மீட்டருக்கு உட்பட்ட துல்லியம். அதன் முதல் செயற்கைக்கோள்களை ஏற்றிச் சென்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட் பாறசாலைக்கு வெகு தூரமில்லாத திருவனந்தபுரத்தில் உருவானது என்பது இவ்வட்டாரத்தாருக்குப் பெருமையே. ஆனால் பெருமையைக் கொண்டு ஆறடியை அளக்க முடியாது.

பதினாறு அடி பிசகும் கோலால் ஆறடித் துணியை அளந்து தரும் ஜவுளிக்கடைக்காரரிடம் யாரும் துணி வாங்க மாட்டார்கள். இங்கோ அளக்கப்படுவது ஒரு போன் அல்ல, இரண்டு. ஒவ்வொன்றுக்கும் அதனதன் பிழை உண்டு. தோளோடு தோள் ஒட்டி நிற்பவர்கள் முப்பதடி விலகி நிற்பதாகத் தெரியலாம். சுவருக்கு அந்தப் பக்கம் உறங்குகிறவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதாகவும் தெரியலாம். செயற்கைக்கோளுக்குச் சுவர் இருப்பது தெரியாது.

இது செயலியைச் செய்தவர்களுக்கும் தெரிந்ததே. ஆகவே நெருக்கத்தை அளக்கும் வேலை புளூடூத்துக்குத் தரப்பட்டது. செயற்கைக்கோள், சந்திப்பு எந்த ஊரில் நடந்தது என்பதைக் குறித்துவைத்தது. ஆப்பிளும் கூகிளும் சேர்ந்து அதே ஆண்டு வெளியிட்ட முறையில் ஜி.பி.எஸ்.ஸுக்கு இடமே இல்லை. சரி, புளூடூத்தாவது அளந்ததா? எதிரே உள்ள போனின் சமிக்ஞை எவ்வளவு பலமாக வருகிறது என்பதை வைத்து அது தூரத்தை ஊகிக்கிறது. போன் சட்டைப் பையில் இருந்தால் ஒரு கணக்கு, குறுக்கே ஒரு ஆள் நின்றால் வேறு கணக்கு. 2020-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆராய்ச்சியாளர்கள், ஆப்பிள்-கூகிள் முறையை ஒரு டிராம் வண்டிக்குள் சோதித்துப் பார்த்தார்கள். ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் பின்பற்றிய விதிப்படி ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. இத்தாலி விதிப்படி உண்மையில் அருகில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு எச்சரிக்கை வந்தது. தள்ளி இருந்தவர்களிலும் பாதிப் பேருக்கு வந்தது. காசைச் சுண்டிப் பார்த்தாலும் இந்த முடிவு கிடைத்திருக்கும். தகரக் கூண்டான டிராமுக்குள் இப்படி என்றால், நிற்க இடமில்லாத நாகர்கோவில் - திருவனந்தபுரம் பஸ்ஸில் எப்படி இருந்திருக்கும் என்று அதில் போய் வருகிறவர்களே சொல்லலாம்.

பிழையின் செலவு யார் தலையில் விழுந்தது என்பதுதான் முக்கியம். மாதச் சம்பளக்காரருக்குத் தனிமை என்றால் விடுப்பு. தினக்கூலிக்காரருக்கு அது அத்தனை நாள் கூலி. நல்ல போன் இல்லாதவர் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. அவர்களுக்காக 1921 என்ற எண்ணில் ஒரு தொலைபேசி வசதி ஏற்படுத்தப்பட்டது. அது நோய்க்குறி கேட்குமே ஒழிய அண்டையில் நின்றவரைக் காட்டாது. தொடர்பு கண்டறியும் பகுதி நிறுத்தப்பட்டு, சேகரித்த விவரங்கள் அழிக்கப்பட்டதாக 2022 ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

கோல் போகவில்லை

செயலியின் அந்தப் பகுதி போயிற்று; ஆளைப் போனால் அளக்கும் பழக்கம் போகவில்லை. 2023 ஜனவரி 1 முதல் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் பொதுப் பணியிடங்களில், நாளைக்கு இரண்டு முறை இடக்குறிப்புடன் படம் எடுத்து வருகைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. பழைய படத்தையே மறுபடி படம் எடுத்து ஏற்றுவதாக 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுட்டிக்காட்ட நேர்ந்தது. இடம் சரி, ஆள்தான் இல்லை! தனியார் கம்பெனிகளிலும் வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் போன் இருந்தால்தான் வருகை என்று வைத்துக்கொள்கிறார்கள். கான்கிரீட் தளத்துக்கு அடியில் செயற்கைக்கோள் சமிக்ஞை பலவீனமடைகிறது. அப்போது போன் அருகிலுள்ள கோபுரங்களையும் வைஃபையையும் கொண்டு ஊகிக்கிறது. எல்லைக் கிராமங்களில் அந்தக் கோபுரம் பக்கத்து மாநிலத்தினுடையதாகவும் இருக்கலாம்.

நீதிமன்றங்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தனர். ஜாமீனில் வந்தவர் தம் இருப்பிடத்தை கூகிள் வரைபடத்தின் மூலம் போலீசுக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று 2024 ஜூலை 8-ல் அதே கோர்ட் கூறியது. அது ஜாமீன் வழக்கு; முதலாளிகளை அப்படியே கட்டுப்படுத்தும் என்று சொல்லிவிட முடியாது. குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைத்த பாதுகாப்பு கொத்தனாருக்கும் குமாஸ்தாவுக்கும் கிடைக்க இன்னும் ஒரு வழக்கு வேண்டியிருக்கிறது.

அதுவரை, வருகை விழவில்லை என்று கூலியைப் பிடிக்க வந்தால் தொழிலாளி காட்டக்கூடிய சாட்சி அவர் போனிலேயே இருக்கிறது. வரைபடத்தில் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர் நீல வட்டம் ஒன்று தெரியும். "ஆள் இதற்குள் எங்கேயோ இருக்கிறார், சரியான இடம் தெரியாது" என்பதே அதன் பொருள். வட்டம் பெரிதாக இருந்தால் வெட்டவெளிக்கு வந்து சிறிது நேரம் நின்றால் சுருங்கும். சுருங்காவிட்டால், தேதியும் மணியும் தெரியும்படி அந்தத் திரையைப் படமாக்கி அன்றைக்கே மேற்பார்வையாளருக்கு அனுப்பிவைப்பது நல்லது.