வீட்டுக்காரர் இருக்கும் விடுதி

"யாரும்மா இந்த வீட்டுக்காரங்க?"

பாலித் தீவில் இறங்கிய முதல் இரவு அத்தை கேட்ட கேள்வி இது. எனக்குப் பதில் தெரியவில்லை. செயலியில் 'பாரம்பரிய ஹோம்ஸ்டே' என்று போட்டிருந்ததை நம்பி மூன்று இரவுகளுக்குப் பணம் கட்டியிருந்தேன். போய்ப் பார்த்தால், உபுட் நகருக்கு வெளியே மூன்று மாடிக் கட்டடம். சாவி, கதவோரம் எண்பூட்டுப் போட்ட ஒரு பெட்டிக்குள். வரவேற்க ஆளில்லை, வாட்சாப்பில் ஒரு வணக்கம் வந்தது, அவ்வளவுதான். முழங்கால் வலிக்காரரான அத்தைக்கு இரண்டாம் மாடியில் அறை.

மறுநாள் காலை, "காசு போனால் போகிறது, வேறு இடம் பார்ப்போம்" என்றேன். என் கணவரின் முகம் போன போக்கை எழுத இங்கே இடம் போதாது.

இது 2024 செப்டம்பர் பள்ளி விடுமுறையில் நடந்தது. பிள்ளைகளையும் அத்தையையும் கணவரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் உபுட்டுக்குள் நடந்தேன். நான் தேடியது லோஸ்மென். தங்குமிடத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் டச்சுக்காரர்கள் வழியாக இந்தோனேசியாவுக்கு வந்து இப்படி மாறியிருக்கிறது. ஒரு குடும்பம் தான் வாழும் வளாகத்திலேயே நாலைந்து அறைகளைக் கட்டி விருந்தினருக்குக் கொடுப்பதுதான் லோஸ்மென். இப்போது பலரும் பலகையில் 'ஹோம்ஸ்டே' என்றே எழுதுகிறார்கள். எழுதுவதில் தப்பில்லை. வீடே இல்லாதவர்களும் அதையே எழுதுவதுதான் சிக்கல்.

சரஸ்வதி கோயிலை ஒட்டி வடக்கே ஏறும் ஜாலான் காஜெங் என்ற சந்துக்குள் போனேன். தரையில் பதித்த சிமெண்டுப் பலகைகளில், வந்து போனவர்களின் பெயர்கள் பொறித்திருக்கும். இரு பக்கமும் குறுகலான கல்வாசல்கள். வாசலுக்குள் நுழைந்தால் நேராக உள்ளே போக முடியாது. குறுக்கே ஒரு சிறு சுவர் நிற்கும். அலிங்-அலிங் என்கிறார்கள். கெட்ட ஆவிகள் நேர்க்கோட்டில்தான் வருமாம், திரும்பத் தெரியாதாம். சுவரைச் சுற்றிப் போனால் முற்றம். அதைச் சுற்றித் தனித்தனிக் கூரைகளாய்ப் படுக்கும் இடம், சடங்கு மண்டபம், சமையற்கட்டு. மலையும் சூரியோதயமும் சேரும் மூலையில் குலக்கோயில். (பின்னால் அத்தை இதைப் பார்த்துவிட்டு, "ஈசானி மூலையிலதான் வச்சிருக்காங்க" என்று தலையாட்டினார். அதே வீட்டில் பன்றிக்கறி சமைப்பது தெரிந்ததும் அந்தத் தலையாட்டல் நின்றுபோனது.)

உண்மையான லோஸ்மெனை எப்படிக் கண்டுபிடிப்பது? வாசலில் பூத்தட்டு வைத்து ஊதுவத்தி ஏற்றியிருப்பதை அடையாளமாகச் சொல்வார்கள். ஆள் வைத்து நடத்தும் வில்லாவிலும் அதைச் செய்கிறார்கள். ஆகவே நான் துணி காயும் கொடியைப் பார்த்தேன். பள்ளிச் சீருடை தொங்கினால் அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது.

நான்காவது வாசலில் சீருடை தொங்கியது. ஒரு பையன் வந்தான். நமக்குத்தான் மலாய் தெரியுமே என்ற தைரியத்தில், "சாராப்பான் பெர்சுமா?" என்று கேட்டேன். பசியாறல் இலவசமா என்று கேட்டதாக நினைப்பு. இந்தோனேசியாவில் 'பெர்சுமா' என்றால் வீண், பிரயோசனமில்லை. உங்கள் வீட்டுப் பசியாறல் உதவாதா என்று கேட்டிருக்கிறேன்! பையன் ஒரு நொடி விழித்துவிட்டு, "கிராத்திஸ், கிராத்திஸ்" என்று சிரித்தான். இலவசத்துக்கு அவர்கள் சொல் அதுதான். அறைக்கு 'காமார்' என்று கேளுங்கள். மற்றபடி நம் மலாயை வைத்தே தாராளமாகச் சமாளிக்கலாம். வெள்ளைக்காரப் பயணிக்கு இல்லாத வசதி இது.

ஒரு அறை 3 லட்சம் ரூப்பியா. இரண்டு அறை, நான்கு இரவு என்றதும் இரண்டரை லட்சத்துக்கு வந்தார்கள். ஏறத்தாழ 70 வெள்ளி. தரைத்தளம், ஒவ்வொரு அறைக்கும் ஒரு திண்ணை, பிளாஸ்கில் சுடுநீர். பணம் கொடுக்கும் முன் குளியலறையைப் பார்த்து, வெந்நீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பாருங்கள். சேவல் நான்கு மணிக்குக் கூவும். அதற்கு யாரிடமும் புகார் செய்ய முடியாது. குலக்கோயிலுக்குள் கேட்காமல் போகக்கூடாது. மாதவிலக்கு நாட்களில் போகவே கூடாது. அந்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டினர் தலைக்கு ஒன்றரை லட்சம் ரூப்பியா சுற்றுலாக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. ஐந்து பேர் என்றால் அதையும் கணக்கில் சேருங்கள்.

நாங்கள் போனது காலுங்கான் திருநாளுக்கு முந்திய வாரம். முன்னோர் வீட்டுக்கு வரும் நாள் அது. பாலி நாட்காட்டிப்படி 210 நாளுக்கு ஒருமுறை வரும். வீட்டுக்கு வீடு உயரமான மூங்கிலை வளைத்து, குருத்தோலை அலங்காரம் தொங்கவிட்டு வாசலில் நடுவார்கள். பெஞ்சோர் என்று பெயர். வீட்டுக்கார அம்மாவை நாங்களும் ஈபு என்றே கூப்பிட்டோம். அவர் நாள் முழுக்க மண்டபத்தில் உட்கார்ந்து ஓலை பின்னிக்கொண்டிருந்தார்.

அத்தை திண்ணையிலிருந்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். மாமா தவறும்வரை எங்கள் தாமானில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் தோரணம் பின்ன அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். குருத்தோலையில் கிளி, குடை எல்லாம் மடிப்பார். மாமா போய் மூன்று வருடம். இந்த மூன்று வருடத்தில் அத்தையை யாரும் வர வேண்டாம் என்று சொன்னதில்லை. கூப்பிடவும் இல்லை. நானும் அதைப் பற்றி அவரிடம் பேசியதில்லை.

மூன்றாம் நாள் காலை ஈபு ஓர் ஓலையையும் கத்தியையும் அத்தையின் பக்கம் நகர்த்தினார். அத்தை கையை எடுத்துக்கொண்டார். பிறகு தன்னுடைய பாசார் மலாயில், "சாயா பூஞ்ஞா லாக்கி சூடா மாத்தி. போலே பெகாங்கா?" என்று கேட்டார். என் புருசன் செத்துவிட்டார், நான் தொடலாமா? நான் தேநீர்க் குவளையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

ஈபுவுக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். தலைப்பாகை கட்டிய ஓர் ஆண். "சாயா ஜூகா" என்றார். நானும்தான். சொல்லிவிட்டு இன்னோர் ஓலையைக் கிழித்து, மூங்கில் ஊசி குத்தும் இடத்தைக் காட்ட ஆரம்பித்தார்.

அன்றைக்கு நெல்வயல் நடைக்கும் குரங்குக் காட்டுக்கும் போக வண்டி பேசியிருந்தேன். அத்தை வரவில்லை. மாலையில் நாங்கள் திரும்பியபோது இருவரும் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு குவியல். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஓலைக்கிளி தயாராக இருந்தது, ஈபுவின் பேரனுக்கும் ஒன்று.

கிள்ளானுக்குத் திரும்பிய பிறகு, செப்டம்பர் 25, காலுங்கான் அன்று, ஈபுவின் மகன் படம் அனுப்பியிருந்தான். வாசலில் பெஞ்சோர், பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் குடும்பம். அத்தை என் கைப்பேசியை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அந்தா, கீழே தொங்குது பாரு. அந்த முடிச்சு நான் போட்டது."