பழைய மவுண்டைக் கழற்றாதீர்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/880 ஒழுங்குவிதி 2025 ஜூன் 28 முதல் முழு அளவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, 18,000 யூரோவுக்குக் குறையாத ஓவியத்தாள் ஒன்றியத்துக்கு வெளியே வரையப்பட்டதென்றால், இறக்குமதியாளர் உறுதிமொழி இல்லாமல் சுங்கத்தைத் தாண்டாது. உள்ளே வரையப்பட்டதற்கு விலக்கு உண்டு. கடத்தலைத் தடுக்க வந்த விதி, வரவேற்கிறோம். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உருவப்படங்களைக் கையாளும் நம்மவர்கள் அந்த விலக்கை நம்பி நிம்மதியாக இருப்பது சரியல்ல.

ஓவியர் லியொதாரையே பாருங்கள். 1738 முதல் 1742 வரை கான்ஸ்டான்டினோப்பிள், 1743இல் வியன்னா, பிறகு பாரிஸ், லண்டன், ஜெனீவா. வியன்னாவில் வரைந்த சீமாட்டிக்கு விலக்கு; ஜெனீவாவில் வரைந்தவருக்கு உறுதிமொழி வேண்டும். கையும் ஒன்று, சாக்கும் ஒன்று. தாளும் நீர்க்குறியும் வரைந்த ஊரைச் சொல்லாது. தாள் ஊர் ஊராகப் போகும். ஊரையும் அமர்ந்தவரின் பெயரையும் பெரும்பாலும் சொல்வது, தாளைத் தாங்கும் அட்டையான மவுண்டின் கீழ்விளிம்பு எழுத்தும் பின்பக்க முத்திரையும்தான்.

பெயருக்கும் இதே கதைதான். ஓவியர் கார்மோன்தெல் 1806இல் இறந்தபின் அவருடைய உருவப்படங்களை வாங்கிய லேதான், அமர்ந்தவர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு வைத்தார். அவற்றில் 1877இல் ஓமால் கோமகன் வாங்கிய 450க்கும் மேற்பட்ட தாள்கள் இன்று பிரான்சின் ஷாந்தியி அருங்காட்சியகத்தில் பத்திரமாக உள்ளன. கடல் கடந்து சிதறியவற்றின் நிலை வேறு. அப்படியொரு தாளில் சிவப்புச் சாக்கிலும் நீர்வண்ணத்திலும் பக்கவாட்டில் அமர்ந்திருக்கும் பெண் யார்? மவுண்ட் போனால் அவள் வெறும் ‘பெயர் தெரியாத சீமாட்டி’.

இதைத்தான் இவ்விதழ் தொடர்ந்து எழுதிவந்திருக்கிறது. அமிலமற்ற அட்டை என்ற பெயரில், ஒரே அளவுச் சட்டம் என்ற வசதிக்காக, எத்தனை பழைய மவுண்டுகள் குப்பைக்குப் போயின! சேகரிப்பாளர் மாரியெத்தின் பெயர்க்கட்டமிட்ட நீல மவுண்டையே வெட்டி எறிந்திருக்கிறார்கள். இருப்புப் பதிவேட்டில் தாளின் நீள அகலத்துக்கு இடம் உண்டு, மவுண்டுக்கு ஒரு வரி கிடையாது. கழற்றச் சொன்னவர்களும் அதிகாரிகள்; இன்று சான்று எங்கே என்று கேட்பவர்களும் அதிகாரிகள். இடையில் பழி சுமப்பவர் பட்டறையில் வேலை செய்பவர். இது அநியாயம்.

பதிவேட்டைத் திருத்த மேலிட உத்தரவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மவுண்டைத் தொடுமுன் இரு பக்கத்தையும் படமெடுங்கள்; முத்திரைக்கு, சேகரிப்பாளர் முத்திரைகளின் லூக்ட் பட்டியலில் உள்ள எண்ணைக் குறியுங்கள். கழற்றியே தீர வேண்டுமென்றால், தாளின் பதிவு எண்ணையே மவுண்டுக்கும் இட்டு, இரண்டையும் ஒரே பெட்டியில் வையுங்கள்.