மீன் தொட்டிச் செடி: ஒன்று வாங்கினால் பத்தாக்கலாம்!

மீன் தொட்டியில் வைத்த செடி அழுகிப்போய், மறுபடியும் கடைக்குப் போகிறீர்களா? ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாகப் பெருகும். அதைத் தெரிந்துகொண்டால் ஒருமுறை வாங்கியதே போதும்.

தண்டுச் செடிகள்: லுட்விஜியா, ஹைக்ரோஃபிலா, கபோம்பா போன்றவை கற்பூரவல்லி மாதிரி. கணுவுக்குக் கீழே 10 - 15 செ.மீ நீளத்துக்கு நுனியை வெட்டுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணுக்கள் புதையும்படி நடுங்கள். வெட்டுப்பட்ட தாய்ச்செடியிலும் பக்கக் கிளைகள் துளிர்க்கும்.

ஓடுதண்டு விடுபவை: வாலிஸ்னேரியா, வல்லாரை போலப் படரும். குட்டிச்செடிக்கு மூன்று, நான்கு இலைகளும் தனி வேரும் வந்த பிறகு வெட்டிப் பிரியுங்கள்.

கிழங்குத் தண்டு உள்ளவை: அனுபியாஸின் தண்டு இஞ்சி போல இருக்கும். துண்டுக்கு மூன்று இலைகளாவது இருக்கும்படி வெட்டி, கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டுங்கள். இந்தத் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். பலர் செடியை இழப்பது இங்கேதான்.

ஜாவா ஃபெர்ன்: 'கட்டிப்போட்டால் குட்டி போடும்' ரணகள்ளி போலவே, இதன் இலையிலேயே குட்டிகள் முளைக்கும். வேர் விட்டதும் எடுத்து, இதையும் கல்லில் கட்டலாம்.

விளக்கு ஒரு நாளைக்கு 6 - 8 மணி நேரம் எரிந்தால் போதும். அதிகமானால் பாசி பிடிக்கும்.

வெட்டியதை எங்கே போடுவது?

இதுதான் முக்கியம். ஏரி, குளம், கால்வாய் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். தொட்டியில் நமக்கு உதவிய அதே குணம் அங்கே வினையாகும். 2020-ல் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில், நீர்நிலை முழுக்க இளஞ்சிவப்பு நிறத்தில் பூத்ததைப் பார்க்கக் கூட்டம் குவிந்தது நினைவிருக்கிறதா? அது தென் அமெரிக்காவைச் சேர்ந்த கபோம்பா வகை. பார்க்க அழகுதான். ஆனால், அடர்ந்து படர்ந்தால் நீரோட்டத்தை மறிக்கும். உள்ளூர் நீர்த்தாவரங்களுக்கு வெளிச்சம் போகாது. உடைந்த சிறு துண்டுகூடப் புதுச்செடியாகிவிடும் என்பதால், அகற்றுவதும் லேசல்ல. ஆகாயத்தாமரையிடம் நம் ஏரிகள் படும் பாடு தெரிந்ததுதானே!

மிஞ்சிய துண்டுகளை மீன் வளர்க்கும் நண்பர்களுக்குக் கொடுங்கள். மற்றதை வெயிலில் மொறுமொறுவெனக் காயவைத்து, மாடித்தோட்ட உரக்குழியில் சேருங்கள். தொட்டியில் இருந்து எடுக்கும் தண்ணீரையும் பூந்தொட்டிகளுக்கே ஊற்றுங்கள். மீன் கழிவு கலந்த அந்தத் தண்ணீர் ரோஜாவுக்கு நல்ல உரம்.