அந்தப் பணம் யார் கணக்கில் விழுந்தது?

வாங்கியவன் எவனோ, கொடுத்தவன் எவனோ. பேர் கெட்டு நிற்பது நான்!

திருமுல்லைவாயலில் குடியிருக்கிறோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு வேலை. கைமாற்று வாங்கினால்கூடச் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுத்துதான் பழக்கம். மகளின் கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போனால், "சிபில்ல ரெண்டு லோன் ஓவர்டியூ காட்டுதேம்மா, ஒண்ணை ரைட்-ஆஃபே பண்ணியிருக்காங்க" என்கிறார் மேனேஜர். அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். பெயர், பிறந்த தேதி, பான் எண் எல்லாம் என்னுடையவை. செல் நம்பர் யாருடையதோ. முகவரி, நான் போயே இராத ஒரு மாநிலத்தில். மாதவாரிக் கட்டங்களில் 30, 60, 90 என்று தவணை தவறிய நாட்கள் ஏறிக்கொண்டே போகின்றன.

எங்கே கசிந்தது என்று கேட்கிறார்கள். பான், ஆதார் ஜெராக்ஸ் கேட்காத இடம் எது? வேலைக்குச் சேர, நகை அடகு வைக்க, வாடகைக்கு வீடு பிடிக்க, எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். கொடுக்காவிட்டால் காரியம் நடக்காது.

கடன் கொடுத்த செயலிக்காரர்கள் என் முகத்தைப் பார்த்ததில்லை, சம்பளச் சீட்டு கேட்டதில்லை. இப்போது என்னிடம் நோட்டரி முத்திரையோடு பிரமாணப் பத்திரம் வேண்டுமாம், எஃப்.ஐ.ஆர். வேண்டுமாம்! காவல் நிலையத்தில் கிடைத்தது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும். அது செல்லாது என்று திருப்பி அனுப்புகிறார்கள். அடுத்தவர் அடையாளத்தைத் திருடினால் 3 ஆண்டு வரை சிறை என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு. அதை வழக்காகப் பதிய வைக்கவே நான் மன்றாட வேண்டியிருக்கிறது.

சரி, சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்திடம் முறையிடலாம் என்றால், கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் அவர்கள் ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டார்கள். தப்பு செய்தவரிடமே தப்பா என்று கேட்டுத் தீர்ப்பு எழுதுகிறார்கள். இது என்ன நியாயம்? நாட்டில் இப்படி நான்கு நிறுவனங்கள். நான்கிலும் என் பெயரைத் துடைத்தாக வேண்டும்.

30 நாளில் புகாரைத் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவு போட்டது. 2024 ஏப்ரலில் அது நடைமுறைக்கும் வந்தது. எனக்கு என்ன பயன்? "எங்கள் பதிவுகளின்படி இது உங்கள் கடனே" என்று கெடுவுக்குள் ஒரு மின்னஞ்சல். புகார் முடிந்தது என்று மூடிவிட்டார்கள்.

2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோனின் பான் எண்ணில் யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கினார்கள். அவர் ட்விட்டரில் எழுதினார். சீக்கிரமே சரிசெய்து கொடுத்தார்கள், அவரும் நன்றி சொன்னார். அவருக்கு நல்லது நடந்ததில் எனக்கு வருத்தமில்லை. மனம் வைத்தால் சட்டென்று முடிகிற வேலை என்று அன்றே தெரிந்துவிட்டதே, அதுதான் வயிற்றெரிச்சல். அமெரிக்காவில் அடையாளத் திருட்டு என்று உரிய புகாரும் சான்றும் கொடுத்தால், 4 வேலை நாளில் அந்தக் கணக்கை அறிக்கையில் மறைத்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே அம்பத்தூர்க்காரிக்கு மட்டும் ஏன் இத்தனை அலைச்சல்?

"சின்ன அமவுண்ட்தானேம்மா, பேசாம கட்டி முடிச்சிடுங்க" என்கிறார் வசூலுக்குப் போன் செய்கிற பையன். ஏன் கட்ட வேண்டும்? கட்டினால் நான்தான் வாங்கினேன் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. குறைத்துக் கட்டினாலோ 'செட்டில்டு' என்ற கறை அறிக்கையில் ஏறும். அடுத்த வங்கியும் அதைக் காட்டித்தான் கதவைச் சாத்தும்.

நான் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விக்கு மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. செயலி வழிக் கடனை வாங்குபவரின் வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. இந்தக் கடன்கள் அதற்குப் பிறகு கொடுத்தவை. அப்படியானால் பணம் ஏதோ ஒரு கணக்கில் விழுந்திருக்கிறது. அதற்கு ஓர் எண் உண்டு, ஒரு கிளை உண்டு, ஓர் ஆள் உண்டு. என் பாஸ்புக்கைக் காட்டினேன். அதில் அந்த வரவு இல்லை. கடன் கொடுத்தவர்கள் தங்களுடையதை ஏன் காட்டவில்லை?

மகளுக்குக் கல்லூரிக் கட்டணக் கெடு நெருங்குகிறது. இருந்த வளையலை அடகுக்கு அனுப்பியாயிற்று. ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதியிருக்கிறேன். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் அவருடைய விசாரணைக்கு உட்பட்டவைதான். இழப்பீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பணம் போன கணக்கு யாருடையது என்று கடன் கொடுத்தவர்களை எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள் என்றுதான் முதல் வரியிலேயே கேட்டிருக்கிறேன்.