கருப்பா, கறுப்பா?

படித்தவர்கள் கூடியிருக்கும் இடத்தில் டி.வி. சீரியலைப் பற்றிப் பேச்செடுத்தால் ஓர் இளக்காரச் சிரிப்பு எழும். கம்பனைப் பற்றி எழுதலாம், பாரதியைப் பற்றி எழுதலாம், போயும் போயும் சீரியலைப் பற்றியா என்பார்கள். அதையும் ஒரு கலைக்களஞ்சியத்தில், ஆதாரம் தேடி, நாலு பேர் கூடி எழுதுகிறார்கள் என்று சொன்னால், வேலையற்றவர்கள் வேலை என்று முடித்துவிடுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கரமனையிலும் கிள்ளிப்பாலத்திலும் சாலைக் கடைத்தெருவிலும் வாழும் நம்மவர்கள் ஓய்வு நேரத்தில் செய்யத்தக்க உருப்படியான காரியங்களில் இதுவும் ஒன்று என்பதே என் கருத்து.

எல்லாச் சீரியலையும் நான் சொல்லவில்லை. 'மர்மதேசம்' என்ற பெயரில் 1990களில் வந்த தொடர் வரிசையைச் சொல்கிறேன். 1993 ஏப்ரல் 14இல் சன் டி.வி. தொடங்கிய சில ஆண்டுகளில் வந்தது அது. கதை இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் பெரும்பாலும் நாகா, தயாரிப்பு கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள். அந்தப் பாலசந்தர் சினிமாவுக்கு வருமுன் சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் என்பதை, குமாஸ்தாக்களாகிய நம் வாசகர்களுக்கு நினைவூட்டினால் தப்பில்லை. இந்த வரிசையில் 'ரகசியம்' ஒன்று, 'விடாது கருப்பு' ஒன்று, பிறகும் சில வந்தன. கோயில், சித்தர், காவல் தெய்வம், மனோதத்துவம் எல்லாம் கலந்து, சாமி உண்டா இல்லையா என்ற கேள்வியைக் கடைசி வரை இழுத்துக்கொண்டு போன கதைகள். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அப்போது பிறக்காத பிள்ளைகள் இன்று செல்போனில் பார்த்துவிட்டு இரவில் தனியே முற்றத்துக்குப் போகத் தயங்குகிறார்கள்.

2024 நவம்பர் 10ஆம் தேதி இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார். ஒரு படைப்பாளி மறைந்தால் அன்று இரவே ஆயிரக்கணக்கானவர்கள் போய்ப் பார்க்கும் இடம் விக்கிப்பீடியா. அதில் இருப்பதே மறுநாள் பலருடைய பேச்சாகவும் எழுத்தாகவும் ஆகிறது. அங்கே பிழை இருந்தால் பிழையே சரித்திரமாகிவிடும். ஆகவே அந்தப் பக்கங்களை யார் எழுதுகிறார்கள், எப்படி எழுதுகிறார்கள் என்பது சில்லறை விஷயமல்ல.

முன்பெல்லாம் கலைக்களஞ்சியம் என்றால் பண்டிதர்களின் வேலை. பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் கொண்டுவந்தது. துறைக்கு ஒரு நிபுணர், அவர் எழுதியதைப் பார்க்க இன்னொரு நிபுணர் என்று நடந்த மகத்தான காரியம் அது. விக்கிப்பீடியாவின் வழி வேறு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். தமிழில் அது 2003இல் தொடங்கியது. ஆரம்ப நாளில் அதற்குத் தோள் கொடுத்தவர் இ. மயூரநாதன். இலங்கைத் தமிழர், கட்டடக் கலைஞர், அபுதாபியில் வேலை பார்த்தவர். பிழைப்புக்காகக் கடல் கடந்து போன ஒருவர் வேலை முடிந்த நேரத்தில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். இன்று தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கட்டுரைகள் உள்ளன. ஊரை விட்டு வந்து வேலை செய்கிற நம்மைப் போன்ற ஒருவர் போட்ட அஸ்திவாரம் அது. பிறகு நமக்கு என்ன கூச்சம்?

கரமனையில் எனக்குத் தெரிந்த இருவர் 'மர்மதேசம்' பற்றிய விவரங்களைச் சரிபார்த்து எழுதுவதென்று இறங்கினார்கள். ஒருவர் மத்திய சர்க்கார் அலுவலகத்தில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவர் 'சாமி'. இன்னொருவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சாலையில் பாத்திரக் கடையில் வேலை பார்ப்பவர், அவர் 'அண்ணாச்சி'. முதல் நாளே தகராறு வந்துவிட்டது. நிறத்தைச் சொல்லும்போது வல்லின றகரம் போட்டுக் 'கறுப்பு' என்று எழுதுவதே முறை, ஆகவே 'விடாது கருப்பு' என்ற தலைப்பைத் திருத்தவேண்டும் என்றார் சாமி. அண்ணாச்சி விடவில்லை.

"அது நெறம் இல்ல சாமி. எங்க ஊர்க் கருப்பசாமி. சாமி பேரத் திருத்த நீங்க யாரு?"

இதற்குப் பதில் சொல்லச் சாமிக்கு இரண்டு நாள் பிடித்தது. என்னைக் கேட்டால் இருவர் வாதமும் வேண்டாம். தொடரின் தலைப்பு அட்டையில் எப்படிப் போட்டார்களோ அப்படித்தான் எழுதவேண்டும். அதில் இடையின 'ரு' இருக்கிறது. பெயர் வைத்தவர் இலக்கணப்படி வைத்தாரா என்பது வேறு வழக்கு. அதே போல 'ரகசியம்' என்பதை, ரகரம் மொழிக்கு முதலில் வராது என்று 'இரகசியம்' ஆக்குவது; ஜ, ஷ, ஸ எழுத்துகளை நீக்கி ஆட்களின் பெயரையே உருமாற்றுவது. தமிழ் விக்கிப்பீடியாவில் கிரந்த எழுத்தைப் பற்றி நடந்த விவாதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. கட்டுரையின் நடையில் தமிழ் தூயதாக இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் ஒருவர் தமக்கோ தம் படைப்புக்கோ வைத்துக்கொண்ட பெயரில் கைவைக்க நமக்கு உரிமையில்லை. தாயார் பெயரையும் சேர்த்து இந்திரா சௌந்தர்ராஜன் என்று எழுதியவரை நாம் வேறு எழுத்தில் எழுதிவைத்தால், தேடுகிறவன் கைக்கு அவர் எப்படி அகப்படுவார்?

இதெல்லாம் தமிழனுக்கே உரிய சண்டை என்று நினைக்கவேண்டாம். 'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்க டி.வி. தொடரின் வழியில் 2013இல் ஒரு சினிமா வந்தது. அதன் பெயரில் உள்ள 'இன்டு' என்ற சொல்லின் முதல் எழுத்து பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் நாற்பதாயிரம் சொற்களுக்கு மேல் வாதாடினார்கள். இங்கிலீஷ்காரனுக்கு ஓர் 'ஐ' என்றால் நமக்கு ஒரு 'ரு'. நல்லவேளையாகத் தமிழில் பெரிய எழுத்துக் கிடையாது.

சண்டை நடந்தாலும் வேலை நடக்கிறதே, அதுதான் விசேஷம். சாமி இதில் சீக்கிரம் தேறியதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் 'வரலாறு' என்று ஒரு பக்கம் இருக்கிறது. யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லை மாற்றினார் என்பது அதில் பதிவாகிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 'உரையாடல்' என்று இன்னொன்று. அங்கே ஏன் மாற்றினாய் என்று கேட்கலாம், பதில் எழுதலாம். இது என்ன? ஆபீஸ் பைலும் நோட் ஷீட்டும் அல்லாமல் வேறென்ன? கீழே இருப்பவர் குறிப்பு எழுதுவார், மேலே இருப்பவர் திருத்துவார், எதையும் கிழித்துப் போட முடியாது. வித்தியாசம் ஒன்றே: இங்கே மேலே இருப்பவர் என்று யாரும் கிடையாது. ஆயுசு முழுதும் பிறர் கையெழுத்துக்காகக் குறிப்பு எழுதிய ஒரு குமாஸ்தாவுக்கு அது எத்தனை பெரிய விடுதலை என்பதை மற்றவர்கள் உணர்வது கடினம்.

அண்ணாச்சிக்குத்தான் கஷ்டம் வந்தது. தொடர் வரும் நேரத்தில் தெருவில் ஈ காக்கை இராது என்று அவர் எழுதினார். யாரோ ஒருவர், எங்கிருந்தோ, 'சான்று தேவை' என்று போட்டுவிட்டார். "நான் கண்ணால பார்த்ததுக்கு எவன்கிட்டப் போய்ச் சான்று வாங்க?" என்று அவர் கொதித்தது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் இங்கே நான் அந்த முகம் தெரியாதவர் பக்கம். ஒரு தெருவை அண்ணாச்சி பார்த்தார். தமிழ்நாடு முழுவதையும் பார்த்தாரா? ரஜினிக்கும் சிவாஜிக்கும் நம்மவர்கள் எழுதும் புகழ்ச்சிகளை அப்படியே அனுமதித்தால் அது கலைக்களஞ்சியமாக இராது, கட்அவுட்டாகிவிடும். எழுதுகிறவரின் யோக்கியதையைப் பார்க்காமல், எழுதியதற்கு அச்சில் ஆதாரம் உண்டா என்று மட்டும் பார்க்கும் விதி, உண்மையில் கடைச் சிப்பந்திக்குச் சாதகமான விதி. டாக்டர் பட்டம் வாங்கியவர் எழுதினாலும் இதே கேள்விதான்.

கதையின் முடிவைச் சொல்லலாமா என்பது இன்னொரு தகராறு. மர்மக் கதையின் முடிவை எழுதிவிட்டால் பார்க்கப் போகிறவனுக்கு என்ன மிச்சம் என்பார் அண்ணாச்சி. கலைக்களஞ்சியத்தில் எதையும் மறைக்கக்கூடாது என்பது அங்குள்ள வழக்கம். கருப்பாக வருவது யார் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை, இது செய்தித்தாள்.

அச்சில் ஆதாரம் என்கிறோமே, அந்த அச்சு எங்கே? உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. தொடர் எந்த மாதம் தொடங்கியது, எத்தனை வாரம் ஓடியது, எப்போது வேறு கதைக்கு மாறியது என்று கேட்டால் பத்துப் பேர் பத்து விதம் சொல்வார்கள். அன்றைய நாளிதழில் டி.வி. நிகழ்ச்சிப் பட்டியல் தினமும் வந்தது. ஒரு மூலையில் பொடி எழுத்தில் வந்த அந்தப் பட்டியல்தான் இன்று முதல்தரச் சாட்சி. அதையெல்லாம் நாம் கடலை மடிக்கக் கொடுத்துவிட்டோம். பத்திரிகை அலுவலகங்களில் பழைய இதழ்களைக் கட்டி வைத்திருப்பார்கள். சாமானியன் போய்ப் புரட்ட முடியுமா? தமிழ்ப் பத்திரிகைகள் 1990களின் பக்கங்களைப் படமெடுத்து இணையத்தில் திறந்துவிட்டால், சீரியல் என்ன, நம் சமுதாயத்தின் எத்தனையோ காரியங்களுக்குச் சான்று கிடைக்கும். இதை எல்லாப் பத்திரிகைகளுக்கும், என் கட்டுரையை வெளியிடும் இந்தப் பத்திரிகைக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பார்வையாளன் கையில் இருந்த பொருளின் மதிப்பை வெள்ளைக்காரன் பட்டு அறிந்தான். 1963இல் பி.பி.சி. தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்ற தொடர் இன்றும் உலகெங்கும் பக்தர்களைக் கொண்டது. அதன் ஆரம்ப காலத்து டேப்புகளை, இடம் அடைக்கிறது, மறுபடி உபயோகிக்கலாம் என்று பி.பி.சி.யே அழித்துவிட்டது. தொண்ணூறுக்கு மேற்பட்ட பகுதிகளுக்குப் படம் இல்லை. ஆனால் அத்தனைக்கும் ஒலி மட்டும் இருக்கிறது. வீட்டில் டேப் ரிக்கார்டரை டி.வி. பக்கத்தில் வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள் சிலர் அதைப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். கவனிக்கவேண்டும்: அவர்கள் கொடுத்தது ஞாபகத்தை அல்ல, டேப்பை. நம் வீட்டுப் பரணில் பழைய வீடியோ கேஸட், டி.வி. விமர்சனம் வந்த வாரப் பத்திரிகை ஏதாவது கிடந்தால், பழைய பேப்பர்க்காரருக்குப் போடுமுன் ஒரு தரம் புரட்டிப் பார்ப்பது நல்லது.

'மர்மதேசம்' கதி அவ்வளவு மோசமில்லை. இணையத்தில் பார்க்கக் கிடைக்கிறது. அண்ணாச்சி கண்டுபிடித்த வேலை அதிலிருந்து வந்ததுதான். கடையடைத்து வந்ததும் ஒரு பகுதியை ஓடவிட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் வரும் பெயர்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நோட்டில் எழுதுகிறார். எழுதியவர், இயக்கியவர், நடித்த சேத்தன், தேவதர்ஷினி ஆகியோரை எல்லோரும் அறிவார்கள். ஒளிப்பதிவு உதவி, ஒப்பனை, உடை, குரல் கொடுத்தவர் என்று கீழே ஓடும் பெயர்களை யார் படித்தார்கள்? அங்கே சான்று கேட்டு யாரும் மடக்க முடியாது, படைப்பே சான்று. அத்தனை பெயரும் கட்டுரையில் ஏறுமா என்றால் ஏறாது. முக்கியமானவை போதும் என்பார்கள். எது முக்கியம் என்று உரையாடல் பக்கத்தில் வாதாட அண்ணாச்சி தயாராக இருக்கிறார். பாத்திரக் கடையில் கணக்கில் வராத வேலை எவ்வளவு என்று தெரிந்தவர் அவர்.

ஆங்கிலத்தில்தான் இத்தொடரைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறதே, அதை மெஷினைக் கொண்டு மொழிபெயர்த்தால் ஆயிற்று என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். 2010ஐ ஒட்டி கூகுள் நிறுவனம் ஆள் வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கிக் கொட்டியபோது, அதன் தரத்தைக் கண்டு தமிழ் விக்கிப்பீடியர்களே எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் ஒருவர் தப்பாக எழுதிய ஆண்டு, தமிழில் பெயர்ந்து, நம்முடைய தமிழையும் கெடுத்துக்கொண்டு வந்து உட்காரும்.

நமக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. கரமனையில் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் எழுத்தைப் படிக்க அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். திருக்குறளைக் காட்டி அழைத்தால் பரீட்சை ஞாபகம் வந்து ஓடுகிறார்கள். பயமுறுத்தும் ஒரு சீரியலின் பக்கத்தைக் காட்டி, இதில் என்ன பிழை என்று பார் என்றால் உட்காருகிறார்கள். சாமியின் பேத்தி ஒன்பதாம் வகுப்பு. தாத்தா எழுதிய வாக்கியத்தில் ஒற்று விட்டுப்போனதைக் கண்டுபிடித்தது அவள்தான்.

தொடங்க நினைப்பவர்கள் பெரிய கட்டுரை எதுவும் எழுதவேண்டாம். உங்களுக்குத் தெரிந்த ஒரு பக்கத்தைத் திறந்து, 'தொகு' என்பதை அழுத்தி, ஒரு பெயரையோ ஓர் எழுத்துப் பிழையையோ சரிசெய்யுங்கள். கீழே உள்ள கட்டத்தில் ஏன் செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். மறுநாள் யாராவது அதை மாற்றியிருந்தால் கோபத்தில் திரும்ப மாற்றாமல், உரையாடல் பக்கத்துக்குப் போய்க் கேளுங்கள். தொடரின் பெயரை 'மர்மதேசம்' என்று சேர்த்து எழுதுவதா, 'மர்ம தேசம்' என்று பிரித்து எழுதுவதா என்று சாமியும் அண்ணாச்சியும் இன்னும் முடிவுக்கு வரவில்லை.