எறியவும் தாவவும் யார் சொல்லித்தருவது?

“ஓடவும் குதிக்கவும் பிள்ளைக்கு ஒருவர் சொல்லித்தரணுமா? வளர வளரத் தானா வந்துடும்.” எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு உடற்கல்வி வேண்டும் என்று பேச்செடுத்தால் பெற்றோரும் பள்ளி நிர்வாகமும் சொல்லும் பதில் இதுதான். இந்த நம்பிக்கையால் இழப்பு குழந்தைகளுக்கே.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1929-இல் அமெரிக்காவில் ஆர்னால்ட் கெசல் என்ற உளவியலாளர், இரட்டைக் குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டும் படியேறப் பயிற்சி கொடுத்தார். பயிற்சி பெறாத குழந்தையும் விரைவிலேயே எட்டிப்பிடித்துவிட்டது. ஆனால் 1930-களில் மிர்ட்டில் மெக்ரா என்ற ஆய்வாளர் ஜானி, ஜிம்மி என்ற இரட்டையரை வைத்து இன்னும் விரிவாகச் சோதித்தார். நடப்பதில் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. நீந்துவதிலும் சக்கரக் காலணியில் ஓடுவதிலும் பயிற்சி பெற்ற ஜானி வெகுதூரம் முன்னே போய்விட்டான். நடை வயதோடு வரும். எறிவது, பிடிப்பது, உதைப்பது, நொண்டியடிப்பது எல்லாம் பழக்கினால்தான் திருந்தும்.

ஐந்து வயதுப் பிள்ளையிடம் ஒரு பந்தைக் கொடுத்துச் சுவரை நோக்கி எறியச் சொல்லிப் பாருங்கள். சுவரைப் பார்த்து நேராக நிற்கும். கால் நகராது, இடுப்பு திரும்பாது. முழங்கை மட்டும் மடங்கி விரிய, பந்து காலடியிலேயே விழும். இன்னும் சில பிள்ளைகள் எறியும் கை எதுவோ அந்தப் பக்கத்துக் காலையே முன்னே வைப்பார்கள். சொல்லித்தர ஆளில்லாவிட்டால் பெரியவர்களான பிறகும் பலர் இப்படியேதான் எறிகிறார்கள். திருத்துவது கடினமில்லை. பக்கவாட்டில் நிற்கவைத்து, எதிர்க்கால் விழவேண்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, “சுவரில் சத்தம் கேட்க எறி” என்றால் போதும். சின்ன இலக்கை வைத்துக் குறிபார்க்கச் சொன்னால் பிள்ளை உடம்பைச் சுருக்கிக்கொள்ளும். வேகமாக எறியச் சொன்னால் இடுப்பும் தோளும் தாமே திரும்பும். “பொம்பளைப் பிள்ளைக்கு எறிய வராது” என்பவர்களுக்கும் இதுவே பதில். அவள் கையில் பந்தைக் கொடுத்தது யார்?

“பூங்காவில் விட்டால் போதாதா?” போதாது. இத்தகைய பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த லோகன் என்ற ஆய்வாளரின் குழுவினர், சொல்லித்தரப்பட்ட பிள்ளைகள் முன்னேறியதையும், வெறுமனே விளையாட விடப்பட்டவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லாததையும் கண்டார்கள்.

“நாங்களெல்லாம் தெருவில் ஆடித்தானே கற்றோம், யார் சொல்லித்தந்தார்கள்?” என்று கேட்கிறவர்கள், சொல்லித்தந்தவர்களை மறந்துவிட்டார்கள். பாண்டி ஆட்டத்தில் சில்லை எறியவும், கட்டத்தின் கோட்டை மிதிக்காமல் நொண்டியடிக்கவும் அக்காக்கள் காட்டித்தந்தார்கள். பச்சைக்குதிரை தாண்டும்போது கையை எங்கே ஊன்றணும் என்று அண்ணன்கள் அதட்டிச் சொன்னார்கள். விவரம் தெரியாத வாண்டை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொண்டு, அவுட் ஆனாலும் கணக்கில் வைக்காமல் மறுபடி ஆடவிட்டார்கள். அதைவிட நல்ல பயிற்சிமுறை எனக்குத் தெரியாது. இன்று பல தெருக்களில் அந்த அக்காவும் இல்லை, அண்ணனும் இல்லை.

தானாக வரும் நடைக்கு மட்டும் வாக்கர் வாங்கிவிடுகிறோம். பழைய நடைவண்டியைப் பிள்ளை தன் காலில் நின்று தள்ளணும். வாக்கரிலோ உட்கார்ந்தபடி நுனிக்காலால் உந்திப்போகிறது. சீக்கிரம் நடப்பதற்கு அது உதவுவதில்லை, படியில் உருண்டு அடிபடுவதும் உண்டு. கனடா 2004-இலேயே அதற்குத் தடை விதித்துவிட்டது.

“கிரிக்கெட் கோச்சிங்கில் சேர்த்துவிட்டோம்” என்கிறார்கள் சிலர். நல்லதுதான். ஆனால் ஒற்றைக் காலில் நிலையாக நிற்கத் தெரியாத பிள்ளை அங்கே கடைசி ஆளாகிப் பந்து பொறுக்கும். சீக்கிரமே ஆட்டத்தை வெறுக்கும். அடிப்படை அசைவுகள் கைவராதவர்களுக்குப் பின்னாளில் விளையாட்டில் ஒரு தடைச்சுவர் எழுகிறது என்று 1980-லேயே எழுதினார் ஆய்வாளர் வெர்ன் சீஃபெல்ட்.

ஆட்டத்தில் நேரம் போய்ப் படிப்பு கெடும் என்ற பயத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. இந்த வயதில் ஆட்டமும் அவசியம்தான். 3, 4 வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது உடலை அசைக்கணும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க ஆடணும் என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

அசைவுகளைச் சொல்லித்தர ஒரு சாக்பீஸ், ஒரு துணிப்பந்து, பார்த்துத் திருத்த ஒரு பெரியவர் போதும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலை வாங்குமுன், “என் பிள்ளைக்கு எறியவும் தாவவும் யார் சொல்லித்தருகிறார்கள்?” என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை கேளுங்கள்.